பன்னிரண்டு அடிக் கதவும் போதகரின் தொண்டையும்

நம் பேரவைப் பத்திரிகைக்காக எங்கள் போதகரைப் பற்றி எழுதித் தரும்படி என்னிடம் கேட்டார்கள். எங்கள் சபையில் கல்லூரி முடித்தவர்கள் ஒன்பது பேர் இருக்கிறார்கள். அவர்களை விட்டுவிட்டு, மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கு முழுக்குப் போட்ட என்னிடம் கேட்டிருக்கிறார்கள் என்றால், கேட்டவருக்கு விஷயம் தெரிந்திருக்கிறது. அந்த மனிதரைப் பேரவையிலிருந்து பிரித்துக்கொண்டு போனவன் நான். திரும்பக் கொண்டுவந்து சேர்த்தவனும் நான். வேறு யார் எழுத முடியும்?

என்னைத் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. இரும்புக் கதவு, ஜன்னல் கம்பி, படிக்கட்டுக் கைப்பிடி செய்கிற பட்டறை என்னுடையது. பதினோரு வயதில் அடுத்தவன் பட்டறைக்குத் துரு தேய்க்கப் போனேன். இருபத்தாறு வயதில் சொந்தமாக வெல்டிங் மிஷின் வாங்கினேன். இன்று இந்த ஊருக்குள் நடந்து போனால் பத்து வாசலில் ஆறு வாசல் என் கை பட்டது. சின்னவர் பெரியவர் எல்லோருக்கும் நான் மேஸ்திரி. சொந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் எனக்கே திரும்பிப் பார்க்கத் தோன்றாது.

போதகர் என் பட்டறைக்கு முதன்முதலில் வந்தது ஒரு மத்தியான நேரம். என் தம்பி இறந்து பத்து நாள்தான் ஆகியிருந்தது. யாரோடும் பேசாமல் வேலையிலேயே கிடந்தேன். முகமூடியைப் போட்டுக்கொண்டு பற்றவைத்துக் கொண்டிருந்தவன், ஒரு கம்பி தீர்ந்து நிமிர்ந்தால் எதிரே ஓர் ஆள். முப்பத்துநாலு வயது இருக்கும். வெள்ளைச் சட்டை, கையில் சைக்கிள் சாவி. வெல்டிங் வெளிச்சத்தை வெறுங்கண்ணால் பார்த்தபடி நிற்கிறார்.

"யோவ், கண்ண மூடுய்யா! பார்வை போயிடும்!"

"பரவாயில்லைங்க. முடிச்சுட்டு வாங்க, நிக்கிறேன்."

"நிக்கிறதா இருந்தா அந்தப் பக்கம் திரும்பி நில்லு. இதென்ன வேடிக்கையா?"

"உங்க தம்பி இறந்துட்டாருன்னு சொன்னாங்க. அந்தப் பக்கம் திரும்பி நின்னுக்கிட்டு எப்படிங்க துக்கம் கேக்குறது?"

ஸ்டூலைத் துடைத்துப் போட்டேன். ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். அவர் பேசியது பத்து வார்த்தை இருக்கும். மீதி நேரம் நான்தான் பேசினேன். மறுநாள் அவர் கண் இரண்டும் வீங்கி, மண் அள்ளிப் போட்டதுபோல் உறுத்தி, ஈரத்துணியை மூடிக்கொண்டு படுத்திருந்தாராம். மருந்து கொண்டுபோய்க் கொடுத்த என் வீட்டுக்காரி வந்து சொன்னாள். தன்னைக் காத்துக்கொள்ளத் தெரியாத ஆள் என்று அன்றைக்கே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். எனக்குப் புரிந்ததெல்லாம், இந்த ஆள் எனக்கு வேண்டும் என்பது மட்டும்தான்.

அந்த ஞாயிறே சபைக்குப் போனேன். ஒரு தையற்கடையின் மாடியில் கூட்டம். பதினெட்டுக் குடும்பம். மைக் கிடையாது. அவர் பாட ஆரம்பித்தால் கீழே பஸ்ஸுக்கு நிற்கிறவன் தலையைத் தூக்கிப் பார்ப்பான். அப்படி ஒரு தொண்டை. இரும்பில் சுத்தியல் பட்டால் வருகிற சத்தம் எது நல்ல இரும்பு என்று காட்டிக் கொடுத்துவிடும். இவருடையது நல்ல இரும்பு.

ஐந்து வருடத்தில் பதினெட்டுக் குடும்பம் ஐம்பதானது. ஐந்தாம் வருடக் கடைசியில் பேரவையிலிருந்து ஒரு கடிதம் வந்தது. பேரவை என்றால் நாற்பது சபைகள் ஒன்றாகச் சேர்ந்த அமைப்பு. போதகர்களை அனுப்புவதும் மாற்றுவதும் அவர்கள் பொறுப்பு. எங்கள் போதகரை வேறு ஊருக்கு மாற்றியிருந்தார்கள்.

மண்டலத் தலைவர் நேரில் வந்து அதை வாசித்தார். நான் எழுந்தேன். எழுந்தால் எனக்குப் பின்னால் நாற்பது பேர் எழுவார்கள், அது அந்தக் காலம்.

"எங்க போதகர எங்ககிட்ட இருந்து எடுக்க நீங்க யாருங்க?"

"எடுக்கல மேஸ்திரி. அங்கயும் ஒரு சபை ஆள் இல்லாம இருக்கு."

"அது அவங்க பாடு. எங்களுக்கு எவன் தயவும் வேண்டாம். இனிமே நாங்களே நடத்திக்குவோம்."

அவர் கடிதத்தை மடித்துப் பெட்டிக்குள் வைத்தார். "நாங்க கதவ சாத்தலைங்க. அத மட்டும் ஞாபகம் வெச்சுக்கோங்க."

"கதவு செய்றவனே நான். எனக்கே கதவப் பத்திச் சொல்றீங்களா?" என்றேன். சபையே சிரித்தது. நானும் சிரித்தேன். போதகரும் அவர் சம்சாரமும் சிரிக்கவில்லை.

போதகர் மூன்று நாள் அவகாசம் கேட்டார். நான் விடவில்லை. மூன்று நாளும் அவர் வீட்டுக்குப் போனேன். தலைக்கு மேல் நின்று கேட்டால் அந்த மனிதருக்கு இல்லை என்று சொல்ல வராது. எங்களோடு இருந்துவிட்டார். அதனால் அவர் எதை எதை விட்டார் என்பதை நான் அப்போது யோசிக்கவே இல்லை. பேரவைப் போதகர் என்றால் உடம்புக்கு முடியாதபோது மருத்துவ உதவி உண்டு. வருடத்துக்கு ஒரு மாதம் ஓய்வு, அந்த மாதத்துக்குப் பதில் ஆள் உண்டு. வயதான பிறகு இருக்க ஓர் இடம் உண்டு. எல்லாவற்றையும் ஒரே கையெழுத்தில் விட்டார்.

நாங்கள் சொந்த இடம் வாங்கினோம், மண்டபம் கட்டினோம். இரும்பு வேலை முழுவதும் நான். வாசலுக்கு நான் போட்ட கதவைப் பார்க்க அடுத்த ஊர் மேஸ்திரிகள் வந்தார்கள். பன்னிரண்டு அடி அகலம். இரண்டாகப் பிரிக்காமல் ஒற்றைக் கதவு. ஒரே தூணில் மூன்று கீல். கீழே சக்கரம் கிடையாது. "அடியில ஒரு சக்கரம் வைங்க மேஸ்திரி, இல்லன்னா தொங்கிடும்" என்றான் ஒருத்தன். "உன் கதவு தொங்கும். என் கதவு நிக்கும்" என்றேன்.

அதன்பிறகு பதினோரு வருடம்.

பதினோரு வருடத்தில் ஐந்நூற்று எழுபதுக்கு மேல் ஞாயிறு. அத்தனை ஞாயிறும் அவர்தான். அவர் அம்மா இறந்தது ஒரு வியாழக்கிழமை. ஊருக்குப் போய் அடக்கம் முடித்து, சனிக்கிழமை சாயங்காலமே பஸ் பிடித்து வந்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல் மேடையில் நின்றார். "பாத்தீங்களா, இவருதான் போதகர்" என்று ஊரெல்லாம் சொல்லிப் பெருமை அடித்தவன் நான். அழுது முடிக்கிறதற்குக்கூட அந்த மனிதருக்கு ஒரு வாரம் கிடைக்கவில்லை என்று யாராவது சொல்லியிருந்தால் அவனோடு சண்டைக்குப் போயிருப்பேன்.

பத்தாம் வருடம் அவர் பாடுவதை நிறுத்தினார். முதலில் இரண்டு பாட்டில் ஒன்றை விட்டார். பிறகு அந்த ஒன்றையும் அடுத்தவர் பாடக் கண்ணை மூடி நின்றார். முக்கால் மணி நேரப் பிரசங்கம் அரை மணியானது, பிறகு கால் மணியானது. நடுவில் நீண்ட மௌனம். எங்கள் சபையில் ஜெபக்கார அக்கா என்று ஒருவர் உண்டு. அவர் ஒன்று சொன்னால் மறுபேச்சுக் கிடையாது. "ஐயா ஆழத்துக்குப் போயிட்டாரு. இனிமே வார்த்தை குறையும், வல்லமை கூடும்" என்றார். நாங்களும் நம்பினோம். அவர் பேச்சை நிறுத்தினால் சபை முழுக்க மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். அடுத்த சபைக்காரர்களிடம், "எங்க போதகர் மாதிரி சும்மா நிக்க உங்க போதகரால முடியுமா?" என்று கேட்டிருக்கிறோம். தொண்டை அடைத்துத் திணறிய ஒரு மனிதரைப் பார்த்து நாங்கள் பரவசப்பட்டுக் கொண்டிருந்தோம்.

எனக்கு மட்டும், பின்வரிசைக்குக் கேட்கவில்லையே என்று ஒரு குறை. ஆள் உயரத்துக்கு இரண்டு ஸ்பீக்கர் வாங்கி மாட்டினேன். போதகர் அவற்றைப் பார்த்தார், என் தோளைத் தட்டினார். அந்த ஞாயிறு அவர் மூச்சு இழுப்பதும் விடுவதும் புயல் மாதிரி கேட்டது. வார்த்தை மட்டும் கேட்கவில்லை.

மறுநாள் காலை போதகரின் சம்சாரம் பட்டறைக்கு வந்தார். பதினாறு வருடத்தில் அன்றுதான் முதல் தடவை. வேலையாட்களை டீ குடிக்க அனுப்பினேன்.

"அண்ணே, அந்தப் பெட்டியக் கழட்டிடுங்க."

"ஏம்மா, சத்தம் பத்தலையா?"

"எட்டு மாசத்துக்கு முன்னாடியே டாக்டர் சொல்லிட்டாருண்ணே. குரல் நாண்ல கட்டி. ஆபரேஷன் பண்ணணும். பண்ணிட்டு ஆறு மாசம் ஒரு வார்த்தை பேசக் கூடாது. இவரு போகல. இப்ப இருமினா ரத்தம் வருது. இந்த மாசம் தாண்டுனா குரலே போயிடும், உயிருக்கும் உத்தரவாதம் இல்லன்னு நேத்து சொல்லிட்டாங்க."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

அந்த அம்மா என்னை நேராகப் பார்த்தார். "உங்க எல்லாரோட கஷ்டமும் அவரு காதுல இருக்கு. அவரு கஷ்டத்தக் கேக்க யாருண்ணே இருக்கா?"

முகமூடி கையில் இருந்தது. போட்டுக்கொள்ளலாமா என்று தோன்றியது.

நேரே போதகர் வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்ததும் சத்தம் போட்டேன். அது என் வழக்கம், பயந்தால் சத்தம் போடுவேன். அவர் காதோரம் வந்து, காற்றாக வருகிற குரலில் கேட்டார்: "ஆறு மாசம் சபை தாங்குமாண்ணே?"

"நான் இருக்கேன். நீங்க ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்க."

"நீங்க பேசிடுவீங்களா?"

"ஏன், எனக்கு என்ன குறைச்சல்? ஒரு ஞாயிறு பாருங்க. பாத்துட்டு அப்புறம் போங்க."

அந்த ஞாயிறு நான் மேடை ஏறினேன். விரல் வைத்து, எழுத்துக் கூட்டி, வேதாகமத்திலிருந்து ஒரு சங்கீதம் வாசித்தேன். ஏழு நிமிடம் பேசினேன். போதகர் முன்வரிசையில் உட்கார்ந்து தலையாட்டிக்கொண்டே இருந்தார். வீட்டுக்குப் போகும் வழியில் என் வீட்டுக்காரி கேட்டாள்:

"என்னங்க, அடுத்த வாரமும் நீங்கதானா?"

"ஏன், நல்லா இல்லையா?"

"நல்லாத்தான் இருந்துச்சு. கேட் வாங்கணும்னு இருந்தவங்க இந்நேரம் ஆர்டர் குடுத்திருப்பாங்க."

அந்த வாரமே மூன்று குடும்பங்கள் வேறு சபைக்குப் போவதைப் பற்றிப் பேசிக்கொண்டார்கள். புதன்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய போதகர் பையைத் திரும்பப் பிரித்து வைத்துவிட்டார். என்னால் முடியாத வேலை ஒன்று உலகத்தில் உண்டு என்று எழுபதை நெருங்குகிற வயதில் தெரிந்துகொண்டேன். வியாழக்கிழமை காலை முதல் பஸ்ஸில் பேரவை அலுவலகத்துக்குப் புறப்பட்டேன். யாரிடமும் சொல்லவில்லை, வீட்டில்கூட.

அலுவலகம் ஒரு பழைய இரண்டு மாடிக் கட்டடம். வராண்டாவில் ஆட்டம் கொடுக்கிற ஒரு பெஞ்சு. கைப்பிடிக் கம்பியில் வெல்டிங் விட்டுப் போயிருந்தது. வேறு நாளாக இருந்தால் சொல்லிக் காட்டியிருப்பேன். உள்ளே கூப்பிட்டார்கள். அதே மண்டலத் தலைவர். தலை முழுக்க வெள்ளை. அதே பெட்டி மேசை மேல்.

"வாங்க மேஸ்திரி. உக்காருங்க."

"நின்னே சொல்லிடுறேங்க. உக்காந்தா சொல்ல வராது."

சொன்னேன். கட்டி, ரத்தம், இந்த மாதக் கெடு, ஸ்பீக்கர், என் பிரசங்கம், எல்லாவற்றையும். அவர் ஓர் இடத்திலும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"எட்டு மாசமா உங்ககிட்ட ஏன் சொல்லலைன்னு நெனைக்கிறீங்க?" என்று கேட்டார்.

நான் மேசை மேல் இருந்த பெட்டியைப் பார்த்தேன்.

"சபைதானே அவருக்குச் சோறு போடுது. சோறு போடுறவங்ககிட்ட 'என்னால முடியல'ன்னு சொல்ல எந்த மனுஷனுக்கும் நாக்கு வராது, மேஸ்திரி. அதுக்குத்தான் நாங்க சபைக்கு வெளிய ஒரு பெரியவர வெச்சிருக்கோம். போதகர்களுக்கு ஒரு போதகர். அவர்கிட்ட யாரும் எதுவும் சொல்லலாம்."

அப்போதுதான் உட்கார்ந்தேன். "திரும்பச் சேர்ந்துக்கிறோம்னு எழுதித் தரணுமா?"

"மொதல்ல தொண்டையப் பாப்போம்."

பெட்டியைத் திறந்து ஒரு அட்டையை எடுத்து என் பக்கம் திருப்பினார். மாதத்தின் முப்பது தேதியும் வரிசையாக எழுதி, எந்தத் தேதியில் எந்தச் சபைக்காக ஜெபிப்பது என்று குறித்திருந்தது. விரல் வைத்துத் தேடினேன். பதினேழாம் தேதியில் எங்கள் சபை இருந்தது. பதினோரு வருடமாக அந்த அட்டையை எத்தனையோ முறை மாற்றி எழுதியிருப்பார்கள். ஒரு தடவைகூட எங்களை விட்டுவிட்டு எழுதவில்லை.

பிறகு அவர் போனை எடுத்தார். ஒன்றரை மணி நேரம் பேசினார். ஆறு மாதத்துக்கு இருபத்தாறு ஞாயிறு. ஒவ்வொரு சபையும் ஒரு ஞாயிறு தன் போதகரை எங்களுக்கு விட்டுக் கொடுக்க வேண்டும். அவர் எழுதிய ஒவ்வொரு பெயருக்கும் எனக்குக் கூச்சமாக இருந்தது.

"அன்னைக்கு அந்த சபைக்கு யாருங்க பேசுவா?"

"அங்க ஒரு மூப்பர் வாசிப்பாரு. உங்கள மாதிரி ஏழு நிமிஷம் பேசுவாரு. ஒரு ஞாயிறுன்னா எந்த சபையும் தாங்கும். இருபத்தாறு ஞாயிறு ஒரே சபை தாங்காது."

பட்டறையில் ஐம்பது வருடம் பாரம் தூக்கியவன் நான். பாரத்தைப் பிரித்துப் போடுவதைப் பற்றி, அன்றைக்குக் கடிதத்தோடு வந்த மனிதர் எனக்குச் சொல்லித் தர வேண்டியிருந்தது.

அடுத்த செவ்வாய்க்கிழமை ஆபரேஷன் நடந்தது. மருத்துவச் செலவுக்குப் பேரவையின் உதவி நிதி வந்தது. அதில் சேராத ஆளுக்கு எப்படி என்று கேட்டேன், "நிதி விதியில விட்டுப் போனவருக்குன்னு ஒரு வரி இருக்கு" என்றார்கள். கட்டி புற்றுநோய் இல்லை. ஆனாலும் குரல் பாதிதான் திரும்பும் என்றார் டாக்டர்.

பேரவையின் ஓய்வு இல்லத்தில் போதகருக்கும் அவர் சம்சாரத்துக்கும் ஓர் அறை கொடுத்தார்கள். நான் பார்க்கப் போனபோது ஜன்னலோரம் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் எங்கள் போதகர். இன்னொருவர் எண்பது வயதுப் பெரியவர், மண்டலத் தலைவர் சொன்ன அந்தப் போதகர்களின் போதகர். வாரத்துக்கு இரண்டு நாள் வருகிறாராம். போதகர் சிலேட்டில் எழுதுவார், பெரியவர் படிப்பார், அழித்துக் கொடுப்பார். பேச்சே இல்லை. போதகர் முகம் அழுத முகமாக இருந்தது. "அம்மாவப் பத்தி இன்னைக்குத்தான் எழுதுனாரு" என்று அவர் சம்சாரம் என் காதில் சொன்னார். அவர் அம்மா இறந்து நாலு வருடம் ஆகிறது.

பெரியவர் போனபிறகு போதகர் என்னைப் பார்த்துச் சிரித்தார். சிலேட்டில் எதையோ எழுதித் திருப்பினார். பெரிய வார்த்தை எதையோ எதிர்பார்த்து, எழுத்துக் கூட்டிப் படித்தேன்.

'கேட் தொங்குதுண்ணே. சக்கரம் போடுங்க.'

"எப்பலருந்து?"

அழித்துவிட்டு மறுபடி எழுதினார். 'ரெண்டாம் வருஷத்துலருந்து. நான் தூக்கித்தான் சாத்துவேன்.'

பதினோரு வருடத்தில் அந்தக் கதவை ஒரு தடவைகூட நான் சாத்தியதில்லை. திறக்கும்போது வருவேன், எல்லோருக்கும் முன்னால் போய்விடுவேன். ஊருக்குத் திரும்பிய அன்றே போய்ச் சாத்திப் பார்த்தேன். நுனி தரையில் மோதி, கால்வட்டமாக ஒரு பள்ளமே விழுந்திருந்தது. இரண்டு கையாலும் தூக்கினால்தான் தாழ்ப்பாள் வாயில் விழுகிறது. அறுபத்தெட்டுக் கிலோ. எடை எனக்குத் தெரியும், செய்தவன் நான்தானே. அடியில் இரும்புச் சக்கரம் ஒன்றைப் பற்றவைத்தேன். இப்போது ஒரு விரலால் தள்ளலாம்.

இருபத்தாறு ஞாயிறும் இருபத்தாறு போதகர்கள் வந்தார்கள். பஸ் நிலையத்திலிருந்து அவர்களை என் வண்டியில் கூட்டி வந்தது நான். ஒருவர் மூச்சு விடாமல் பேசினார், ஒருவர் குழந்தைகளோடு தரையில் உட்கார்ந்தார், ஒருவருக்கு என் வண்டியில் வாந்தி வந்தது. ஒரு குடும்பமும் சபையை விட்டுப் போகவில்லை. நாலாம் மாதமே சபை கூடி, பேரவையோடு திரும்பச் சேர்வது என்று முடிவெடுத்தது. முதல் கையெழுத்து என்னுடையது. கையெழுத்து மட்டும் எனக்கு நன்றாக வரும்.

ஏழாம் மாத முதல் ஞாயிறு போதகர் மேடை ஏறினார். மெல்லிய குரல். முன்பு பஸ் நிறுத்தம்வரை போன குரல் இப்போது நாலாம் வரிசையில் நின்றுவிட்டது. ஸ்பீக்கரைப் போடட்டுமா என்று சைகை காட்டினேன், வேண்டாம் என்று தலையாட்டினார். எங்கள் சபையில் முதலில் நிரம்புவது பின்வரிசைதான். அன்றைக்குப் பின்வரிசை எழுந்தது, நடு வரிசை எழுந்தது, பெஞ்சுகளை இழுத்துக்கொண்டு எல்லோரும் முன்னால் வந்து நெருங்கி உட்கார்ந்தார்கள். ஜெபக்கார அக்கா தரையில் உட்கார்ந்தார்.

ஒன்றரை வருடம் அப்படிப் போனது. பிறகு பேரவையிலிருந்து இன்னொரு கடிதம் வந்தது. கல் உடைக்கிறவர்கள் குடியிருக்கும் பகுதியில் பதினைந்து குடும்பச் சபை. அவர்களுடைய போதகர் திடீரென்று இறந்துவிட்டார். பேசத் தெரிந்தவரைவிட, உட்கார்ந்து கேட்கத் தெரிந்தவர் அங்கே வேண்டும். எங்கள் போதகர் போக முடியுமா என்று பேரவை கேட்டிருந்தது. எங்களுக்கு இளம் போதகர் ஒருவரை அனுப்புவதாகவும் எழுதியிருந்தது.

கடிதத்தை வாசித்து முடித்ததும் சபை முழுக்க என் முகத்தைப் பார்த்தது. நான் எழுவேன் என்று காத்திருந்தார்கள். போதகரும் பார்த்தார். அந்தப் பார்வையில் பதின்மூன்று வருடத்துக்கு முந்தைய மூன்று நாள் இருந்தது.

எழுந்தேன்.

"ஐயா, நீங்க என்ன நெனைக்கிறீங்க? நீங்க சொல்லுங்க. நாங்க கேக்குறோம்."

அவர் தன் சம்சாரத்தைப் பார்த்தார். பிறகு, "போகணும்னு தோணுதுண்ணே" என்றார். நாலாம் வரிசைவரை கேட்டது.

"அப்ப என் வண்டியிலதான் போகணும். வேற வண்டி வெச்சீங்க, கெட்ட கோபம் வரும்."

உட்கார்ந்தபிறகு என் வீட்டுக்காரி தன் கைக்குட்டையை என் மடியில் போட்டாள். வேர்வைக்கு என்று சொல்லி வாங்கிக்கொண்டேன்.

போன மாதம் கொண்டுபோய் விட்டு வந்தேன். இரண்டு கட்டில், புத்தகப் பெட்டி நாலு, அந்தப் பழைய சைக்கிள், சிலேட்டு. சாமான்களை இறக்குவதற்குள்ளேயே ஒரு பெண் வந்து வாசலில் நின்றாள். செத்துப்போன போதகரின் சம்சாரம் என்றார்கள். போதகர் சட்டையில் தூசியைக்கூடத் தட்டாமல் ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்து, அவளை எதிரே உட்காரச் சொன்னார்.

நான் வெளியே வந்தேன். சபைக்குச் சுற்றுச்சுவர் இருக்கிறது, கதவு இல்லை. மாடும் நாயும் வந்து போகின்றன. சட்டைப் பையிலிருந்து டேப்பை எடுத்தேன். வாசல் பன்னிரண்டு அடி இரண்டு அங்குலம். இரண்டு கதவாகப் பிரித்து, இரண்டு தூணில் மாட்டி, இரண்டுக்கும் அடியில் சக்கரம் வைப்பதாகக் கணக்குப் போட்டேன். நான் செய்த கதவிலேயே நல்ல கதவாக அது இருக்கப் போகிறது. வருகிற பதினேழாம் தேதி, அட்டையில் எங்கள் பெயர் இருக்கிற அன்றைக்கு, கொண்டுபோய் மாட்டுகிறேன்.